மாத்திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி: மலையகத்தின் சுகாதாரப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய, ஊவா மாகாணங்களின் சுகாதாரத் திணைக்களங்களையும், பெருந்தோட்ட மக்களின் நலனுக்கென அமைந்த நிறுவனங்களையும் பொறுப்பேற்று நடத்தும் மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம்.

நான் ஹட்டன் வட்டாரத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவன். ஒன்பது ஆண்டுகளாகப் பாக்கின்சன் நோயுடன் இருக்கிறேன். இந்த நோய்க்குரிய மாத்திரையை அரசாங்க கிளினிக்கில் காசு கொடுக்காமல் பெற்றுவருகிறேன், அதற்கு நன்றியுடையவன். அந்த மாத்திரையோடு சேர்த்துத் தரப்பட வேண்டிய இன்னொரு சிகிச்சை, நான் அறிந்த நோயாளர்களில் என்னைத் தவிர ஒருவருக்கும் கிடைக்கவில்லை என்பதையும், எனக்கும் அது தற்செயலாகவே கிடைத்துப் பாதியில் நின்றது என்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன். முறையாகப் பயின்ற ஒருவர் நோயாளியின் எதிரில் அமர்ந்து, நோயாளியின் மொழியில், வாரம் ஒரு முறையாகச் சில வாரங்கள் செய்யும் உளச்சிகிச்சையைத்தான் சொல்கிறேன்.

நோய் வந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். எல்லோரும் நினைப்பதுபோல அது நடுக்கத்தோடு தொடங்கவில்லை. கரும்பலகையில் என் எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. வரியின் தொடக்கத்தில் கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் கடுகாகிவிடும். கடைசி வாங்கில் இருந்த பையன் ஒருவன், "சேர், எறும்பு ஊருற மாதிரி இருக்கு" என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த சில மாதங்களில் காசு எடுக்கப் போன இடத்தில் என் கையொப்பம் பொருந்தவில்லை என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்கள். அன்று நான் சிரிக்கவில்லை. முகம் இறுகி, குரல் தணிந்து, வலது கை வீசாமல் நடக்கத் தொடங்கிய பிறகு, வீட்டில் எல்லோரும் நான் எதற்கோ கோபமாக இருப்பதாக எண்ணிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்தே, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய் நரம்பியல் நிபுணர் ஒருவரைப் பார்த்தபோது நோய்க்குப் பெயர் கிடைத்தது.

மூளையின் நடுப்பகுதியில் நிறத்தால் கருமையாகத் தெரியும் சிறிய இடம் ஒன்றில், டொபமின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் மெல்ல மெல்ல அழிவதே இந்த நோய். 1817இல் லண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பாக்கின்சன் இதை 'நடுக்கு வாதம்' என்ற பெயரில் விவரித்தார். அவர் விவரித்த ஆறு பேரில் சிலர் அவர் தெருவில் கண்டு கவனித்தவர்களே என்பதை அறிந்தபோது எனக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை உண்டாயிற்று. கிளினிக்குக்கு வராத நோயாளியையும் கண்டவர் அவர். ஆனால் அதே கட்டுரையில், இந்நோயில் புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்றும் எழுதிவைத்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் கிளினிக்குகள் அந்த ஒரு வரியை நம்பியே நடப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது.

டொபமின் கலங்கள் மட்டும் இந்நோயில் குறைவதில்லை. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின், நொரட்ரினலின் ஆகியவற்றைச் சுரக்கும் கலங்களும் பாதிக்கப்படுகின்றன. ஆகவேதான் மனச்சோர்வும் பதற்றமும் எதிலும் ஈடுபாடின்மையும் பாக்கின்சன் நோயாளரிடம் மிகப் பரவலாக இருக்கின்றன. சிலருக்குக் கை நடுங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மனம் சோர்ந்துவிடுகிறது. "இப்படி ஒரு வருத்தம் வந்தால் யாருக்குத்தான் கவலை வராது" என்று உறவினர் ஆறுதல் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தக் கவலை நோயின் ஓர் உறுப்பு என்பது. கை விறைப்புக்கு மருந்து எழுதும் வைத்தியர் இதையும் கேட்டறிந்து கவனிக்கக் கடமைப்பட்டவர். கிளினிக்கில் எனக்குக் கிடைக்கும் மூன்று நான்கு நிமிடங்களில், கையை நீட்டச் சொல்வார்கள், விரல்களைத் தட்டச் சொல்வார்கள், நடந்து காட்டச் சொல்வார்கள், கிளினிக் கொப்பியில் எழுதுவார்கள். "மனம் எப்படி இருக்கிறது" என்ற கேள்வி முதல் நான்கு ஆண்டுகளில் ஒரு முறைகூட என்னிடம் கேட்கப்படவில்லை. வைத்தியரைக் குறை சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் எழுபது பேர் வாங்கில் இருக்கிறார்கள்.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, இரண்டு லயம் தள்ளியிருக்கும் அக்கா ஒருவரின் கதை என்னுடையதைவிடக் கடினமானது. கொழுந்து எடுப்பதில் பெயர் பெற்றவர். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் எடுப்பவர். ஐம்பது வயதைத் தாண்டியதும் அவருடைய கிலோ குறையத் தொடங்கியது. முதலில் இடது கை பின்தங்கியது. பின்னர் கொழுந்தைக் கிள்ளிய விரல் கூடைக்குப் போக மறந்ததுபோல நின்றது. குறித்த கிலோ வராத நாட்களில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தது. கங்காணி திட்டினார், பக்கத்து நிரையில் நின்றவர்கள் கேலி செய்தார்கள், வீட்டில் மகன் "அம்மாவுக்கு வேலைக்குப் போக மனசில்ல" என்றான். உடல் இயக்கம் மந்தமாவதே இந்நோயின் அடிப்படை அறிகுறி என்பதை அறிந்தவர் ஒருவரும் அந்த மலையில் இல்லை. கோடாங்கியிடம் போனார்கள், தோட்டத்துக் காவல் தெய்வமான ரோதை முனிக்குப் பூசை வைத்தார்கள், ஒரு சேவலும் பலியானது. நோய்க்குப் பெயர் கிடைத்தபோது மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன; அதற்குள், தான் சோம்பேறி என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார். மாத்திரை அவருடைய கையை ஓரளவு மீட்டுத் தந்தது. அந்த நம்பிக்கையை அகற்றும் மாத்திரை இல்லை. இன்றைக்கும் அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். யாராவது வந்தால் உள்ளே போய்விடுவார்.

அவரைப் போன்ற ஒருவரிடம் கிளினிக்கில் மனநிலையைப் பற்றிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். எந்த மொழியில் கேட்பார்கள்? 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று என்பது ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில், வைத்தியருக்கும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் ஒரு சிற்றூழியர், அல்லது கூடவந்த பேரப்பிள்ளை. 'எத்தனை நாளாகக் கை விறைக்கிறது' என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கலாம். 'செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறதா' என்பதை அந்தப் பிள்ளை தன் பாட்டியிடம் கேட்க வேண்டுமா? அப்படிக் கேட்டால் பாட்டி என்ன பதில் சொல்வார் என்பது நமக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. எங்கள் மக்கள் 'மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. 'யோசனையா இருக்கு' என்பார்கள், 'நெஞ்சு அடைக்குது', 'தல பாரமா இருக்கு', 'சோறு எறங்கல' என்பார்கள். 'யோசனை' என்ற சொல் மலையகத்து வாயில் எவ்வளவு கனமானது என்பதை அறியாதவர், அதைச் சிந்தனை என்று மொழிபெயர்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

எனக்கு வாய்த்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டில், நான் மருந்தெடுக்கும் இடத்துக்குத் தமிழ் பேசும் இளம் மனநல மருத்துவ உத்தியோகத்தர் ஒருவர் மாற்றலாகி வந்தார். உளச்சிகிச்சையில் கூடுதலாகப் பயிற்சி பெற்றவர். என் மனைவி அவரிடம் மருந்துச் சீட்டு ஒன்றைப் பற்றிக் கேட்கப் போய், கேட்க வேண்டியதை விட்டு அழுதுவிட்டார். அந்த உத்தியோகத்தர் மறு வாரம் என்னை வரச் சொன்னார். ஆறு அமர்வுகள் நடந்தன. ஏழாவதுக்கு நான் போனபோது அவர் வேறு மாகாணத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார், அவருடைய அறையில் பழைய கோப்புகளை அடுக்கியிருந்தார்கள்.

அந்த ஆறு அமர்வுகளில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உளச்சிகிச்சை என்றால் நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்புவது என்ற எண்ணம் அதிகாரிகளிடமும் உண்டு, எனக்கும் இருந்தது. முதல் நாள் அவர் எனக்கு எந்த ஆறுதலும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு நான் என்னென்ன செய்யாமல் விட்டேன் என்று எழுதிவரச் சொன்னார். என்னால் எழுத முடியாது என்றேன். அப்படியானால் பேத்தியிடம் சொல்லி எழுதுவியுங்கள் என்றார். எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை. காமன் கூத்துக்கு வருடந்தோறும் பாட்டுத் திருத்திக் கொடுப்பவன், அந்த வருடம் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். உடன் வேலை செய்த ஆசிரியரின் சாவு வீட்டுக்கும் போகவில்லை. டவுனில் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பியே பல மாதங்கள். கால்களால் நடக்க முடிந்த இடங்களுக்கும் நான் போகாமலிருந்தேன். நோய் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு பங்கு என்றால், வெட்கத்தால் நானே கொடுத்துவிட்டது இரு பங்கு.

இரண்டாம் அமர்வில் தேநீர்க் கடையை எடுத்துக்கொண்டார். அங்கே போனால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். கோப்பை நடுங்கும், சாயம் சிந்தும், எல்லோரும் பார்ப்பார்கள், 'சேர் குடிச்சிட்டு வந்திருக்கார்' என்று பேசுவார்கள் என்றேன். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று ஓர் எண்ணைச் சொல்லுங்கள் என்றார். பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் என்றேன். போய் எண்ணி வாருங்கள் என்றார். வேடிக்கையாக இருந்தது, ஆனால் வீட்டுப்பாடம் கொடுத்துப் பழகியவன் வீட்டுப்பாடத்தைத் தட்ட முடியாது. போனேன். அரைக் கோப்பை மட்டும் ஊற்றச் சொன்னேன். சிந்தியது. இரண்டு பேர் பார்த்தார்கள், அவர்களில் ஒருவர் பழைய மாணவன், எழுந்து வந்து "என்ன சேர், கைக்கு?" என்று கேட்டான். நோயின் பெயரைச் சொன்னேன். "எங்க மாமாவுக்கும் அதான் போல" என்றான். பிறகு பேச்சு மாவு விலைக்குப் போய்விட்டது. பதற்றம் நடுக்கத்தைக் கூட்டும், கூடிய நடுக்கம் பதற்றத்தைக் கூட்டும் என்பது பாக்கின்சன் நோயாளர் எல்லோரும் உடம்பில் உணர்வது. அந்தச் சுழலின் ஒரு முனையை எங்கே பிடிக்கலாம் என்று அந்தக் கடையில் எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

எண்ணங்களையும் நடத்தையையும் இப்படிச் சோதித்துப் பார்க்கும் முறைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். இது பாக்கின்சன் நோயாளரிடம் முறையாக ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 80 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், பத்து வாரங்கள் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 56 வீதமானோருக்கு மனச்சோர்வு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அப்படிக் குறைந்தவர்கள் 8 வீதம். அதே ஆய்வாளர்கள் அடுத்து, இந்தச் சிகிச்சையைத் தொலைபேசி வழியாகச் செய்துபார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். 72 பேர் கலந்துகொண்டனர். தொலைபேசியில் சிகிச்சை பெற்றவர்களில் 40 வீதமானோர் முன்னேறினர். பெறாதவர்களில் ஒருவரும் இல்லை. இந்த இரண்டாவது ஆய்வைப் படித்தபோது, மலைக்கு மேலே இருக்கும் லயங்களை எண்ணியே யாரோ செய்ததுபோல எனக்கு இருந்தது.

பாக்கின்சனோடு இது நிற்பதில்லை. தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் அழியும் நரம்பு இயக்கக் கல நோய் அதைவிட வேகமானது. பலருக்குச் சில ஆண்டுகளே அவகாசம் தருவது. அந்த நோயாளர் 191 பேரிடம் பிரித்தானியாவில் நடத்திய ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஏற்பும் ஈடுபாடும் சார்ந்த சிகிச்சை என்று தமிழில் சொல்லத்தக்க இன்னொரு முறையில், அதிகபட்சம் எட்டு அமர்வுகள் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம், ஆறு மாதங்கள் கழிந்தபோது மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்தது. அந்தச் சிகிச்சை ஒரு நரம்புக் கலத்தைக்கூடக் காப்பாற்றுவதில்லை. அதை யாரும் அப்படி விற்கவும் கூடாது. நோய் அதன் பாட்டில் போகும்போது மனிதர் எப்படி இருக்கிறார் என்பதே அங்கே அளக்கப்பட்டது.

'ஏற்பு' என்ற சொல்லைப் பற்றி ஒரு தமிழாசிரியனாகச் சற்று நிற்க வேண்டும். மூன்றாம் அமர்வில் அந்த உத்தியோகத்தர் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இருநூறு ஆண்டுகளாக எங்களுக்குச் சொல்லப்பட்டுவரும் சொல் இது. சம்பளத்தை ஏற்றுக்கொள், லயத்தை ஏற்றுக்கொள், குடியுரிமை பறிபோனதை ஏற்றுக்கொள், தலைவிதியை ஏற்றுக்கொள். பழந்தமிழில் 'ஏற்றல்' என்பதற்குக் கையேந்துதல் என்றும் ஒரு பொருள் உண்டு. மலையகத்துக்கு இந்தச் சிகிச்சையைக் கொண்டுவருபவர்கள் இந்தச் சொல்லைப் பார்த்து எடுத்துவைக்க வேண்டும்; இல்லையென்றால் சிகிச்சை, துரையின் இன்னொரு உத்தரவுபோலக் காதில் விழும்.

அவர் என் கோபத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்ன விளக்கத்தை என் சொற்களில் தருகிறேன். கை நடுங்குவதை மறைக்க நான் எவ்வளவு பாடுபடுகிறேன் என்று அவர் கணக்கெடுக்கச் சொன்னார்: கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருப்பது, கூட்டத்தில் பேசாமலிருப்பது, யாரும் வருவதற்கு முன்பே சாப்பிட்டு முடிப்பது. அந்த நாளின் பாதி இந்த மறைப்பு வேலைக்கே போயிருந்தது. ஏற்பது என்றால் அந்த வேலையிலிருந்து ஓய்வுபெறுவது என்றார். மிச்சமாகும் நேரத்தையும் தெம்பையும் உங்களுக்கு எது முக்கியமோ அதில் போடுவது. அநியாயச் சம்பளத்தை ஏற்கச் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பளத்துக்காகப் போராடுவது உங்களுக்கு முக்கியம் என்றால், நடுங்கும் கையோடு போய்ப் போராடுங்கள் என்றார். எனக்கு முக்கியமானது படிப்பிப்பது. இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறேன். நான் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை பலகையில் எழுதும். முறை வைத்து எழுதுவதால் பிள்ளைகளின் எழுத்து திருந்துகிறது என்று தாய்மார் சொல்கிறார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மனைவியைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் இந்த மடல் பொய்யாகும். ஐந்தாம் அமர்வு அவருக்கானது. என் சட்டைப் பொத்தானைப் போடுவதற்கு எனக்கு ஆறு ஏழு நிமிடங்கள் ஆகும். அவர் போட்டால் ஒரு நிமிடம். அவர் போட்டுவிடுவார். செருப்பு மாட்டுவார், சோறு பிசைந்து வைப்பார், கடைசியில் நான் சொல்ல வந்த வசனத்தையும் அவரே முடித்துவிடுவார். அன்பினால்தான். அந்த அன்பில் நான் ஒரு பொதியாகிக்கொண்டிருந்தேன், அவர் சுமந்து சுமந்து தேய்ந்துகொண்டிருந்தார். காத்திருப்பதும் ஓர் உதவி என்று யாரோ ஒருவர் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, அதைவிட, "உங்களுக்கு நித்திரை வருகிறதா?" என்று அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. நான் மேலே சொன்ன 2011 ஆய்விலும் பராமரிப்பவர்களுக்கெனத் தனி அமர்வுகள் இருந்தன. மலையகத்தில் பராமரிப்பவர் என்றால் பெரும்பாலும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்று, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அதன் பிறகு நோயாளியைப் பார்க்கும் பெண். அவரை விட்டுவிட்டுச் செய்யும் சிகிச்சை பாதிச் சிகிச்சை.

இனி, நீங்கள் செய்யக்கூடியவை எவை என்று நான் எண்ணுவதைச் சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சையை மனநலப் பிரிவின் வாசலுக்குள் மட்டும் வைத்திருக்காதீர்கள். மனநல வைத்தியசாலை இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப்பெயர் எங்கள் பேச்சில் வசைச்சொல்லாகிவிட்ட நாடு இது. இங்கே மனநலக் கோளாறுகளைப் பற்றிய அடிப்படைச் சட்டம் இன்னமும் 1873ஆம் ஆண்டினது. கை நடுக்கத்துக்கு வந்தவரை 'பைத்திய கிளினிக்' என்று ஊர் சொல்லும் அறைக்கு அனுப்பினால் அவர் போகமாட்டார். போனாலும் அடுத்த முறை வரமாட்டார். நரம்பியல் கிளினிக் நடக்கும் அதே நாளில், அதே கட்டடத்தில், மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில், கதவுள்ள ஓர் அறையும் இரண்டு நாற்காலிகளும் போதும். கண்டிக்கு வர விடிகாலை நான்கு மணி பஸ்ஸில் ஏறுபவருக்கு இன்னொரு நாளில் இன்னொரு கிளினிக் என்பது ஒரு நாள் பேர் போவதையும் பஸ் காசையும் குறிக்கும். இரண்டையும் ஒரே நாளில் வைப்பது உங்கள் கையில் இருக்கிற காரியம்.

ஆள் எங்கே என்று கேட்பீர்கள். பட்டம் பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் இந்நாட்டில் மிகக் குறைவு என்பதும், அவர்களில் தமிழில் சிகிச்சை செய்பவர்கள் அதிலும் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் வரும்வரை காத்திருந்தால் நானும் அந்த அக்காவும் இருக்கமாட்டோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, மனநல நிபுணர்கள் போதாத மாவட்டங்களில், வைத்தியர்களுக்கு மனநலத்தில் குறுகிய காலப் பயிற்சி கொடுத்தும் ஊர்ப் பணியாளர்களைச் சேர்த்தும் இந்த நாடு ஓர் அமைப்பைக் கட்டிக் காட்டியது. இன்று ஆதார வைத்தியசாலைகளில் மனநல மருத்துவ உத்தியோகத்தர்கள் இருப்பது அந்த முயற்சியின் தொடர்ச்சி. அவர்களுக்கும், தமிழ் பேசும் தாதியருக்கும், தோட்ட வைத்திய உத்தியோகத்தருக்கும், நரம்பு நோயாளரோடு வேலை செய்வதற்கென ஒரு பயிற்சியைச் சேர்த்துக்கொடுங்கள். அதில் நோயறிவும் இருக்க வேண்டும். இந்நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபாவின் வேகம் குறையும் மணிநேரங்களில் நோயாளி மனத்தாலும் தாழ்ந்துபோவார் என்பதை அறியாத உளவளத்துணையாளர், மாத்திரை நேரத்தை மாற்றித் தீர்க்க வேண்டியதைப் பேசித் தீர்க்கப் பார்ப்பார். இறுகிய முகத்தைக் கண்டு, ஒத்துழைக்காதவர் என்று குறித்துவிடுவார். என்னைப் பற்றியே ஒருவர் அப்படி எழுதியிருந்தார்.

தொலைபேசி வழியும் இங்கே உண்டு, ஆனால் அமெரிக்காவில் இல்லாத தடை ஒன்று எங்களிடம் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காமல் எதையும் பேச முடியாது. மருமகளைப் பற்றிய மனக்குறையை, மருமகள் ரொட்டி சுடும் அடுப்புக்கு மூன்றடி தூரத்திலிருந்து யார் சொல்வார்கள்? சிக்னல் கிடைப்பதோ கோயில் மேட்டில், அங்கே எப்போதும் பத்துப் பேர். ஆகவே தோட்ட நலன் நிறுவனங்களிடம் கேட்கிறேன்: டிஸ்பென்சரியிலோ, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவிலோ, வாரத்தில் ஒரு பிற்பகல் ஓர் அறையையும் ஒரு தொலைபேசியையும் ஒதுக்குங்கள். மாகாணத்தில் தமிழில் பயின்ற சிகிச்சையாளர் இருவர் இருந்தாலும், அவர்கள் ஒரு நகரத்தில் இருந்தபடியே பல தோட்டங்களை அடைவார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவி இலக்கம் இருக்கிறதே என்று நீங்கள் நினைவூட்டலாம். அது நல்ல சேவை. ஒருவர் தாங்க முடியாமல் தவிக்கும் இரவுக்கு அது வேண்டும். வாரந்தோறும் அதே குரல், சென்ற வாரம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது வேறு.

மாற்றல் விடயத்தையும் கேட்டேயாக வேண்டும். எனக்குச் சிகிச்சை தந்தவர் மாறிப்போனது அவருடைய குற்றமல்ல. அவருடைய இடத்துக்கு அதே பயிற்சியும் மொழியும் உள்ள ஒருவர் வரவில்லை என்பதும், என் கோப்பைப் படித்து என்னைக் கூப்பிட யாருமில்லை என்பதுமே குறை. பதவியில் மொழித் தகுதியை எழுதிவையுங்கள். ஆள் மாறும்போது நோயாளரின் பெயர்ப்பட்டியல் கைமாற வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். இதற்கு ஒரு தாளுக்கு மேல் செலவில்லை.

மருந்துக்கே தட்டுப்பாடான நாட்டில் இதெல்லாம் ஆடம்பரம் என்று சிலர் சொல்லக்கூடும். 2022இல் மாத்திரை கிடைக்காதபோது நான் ஒன்றை இரண்டாக உடைத்து விழுங்கியவன். மருந்து முதலில் வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த மாதங்களில், கட்டிலிலிருந்து எழும்ப முடியாத காலைகளில், மூன்றாம் அமர்விலும் நான்காம் அமர்விலும் கற்றதை வைத்துத்தான் மதியம்வரை தாக்குப்பிடித்தேன். அந்த அக்காவுக்கு அதுவும் இருக்கவில்லை. அவருடைய மருமகள் ஒரு நாள் என்னிடம் வந்து, "சேர், நீங்க ஒருக்கா வந்து பேசுங்க" என்றார். போனேன். என் கதையைச் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்தார், கொஞ்சம் சிரித்தார். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் நோயாளி, பயிற்சி பெற்றவன் அல்ல. தவறான இடத்தில் தவறான கேள்வியைக் கேட்டுவிடுவேனோ என்ற பயத்தோடுதான் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள், காக்காய் வலிப்புக்கும் ஏனைய நரம்பியல் கோளாறுகளுக்குமான 2022 முதல் 2031 வரையிலான உலகளாவிய செயற்றிட்டத்தை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இலங்கையும் அந்த அமைப்பில் உறுப்பு நாடு. அத்திட்டத்தின்கீழ் மாகாணங்கள் தங்கள் பங்கை எழுதும்போது, பெருந்தோட்டப் பகுதி என்ற தலைப்பில் தாய்சேய் நலத்தோடு நிறுத்திவிடாமல், ஓய்வுபெற்ற தொழிலாளியின் நரம்பு நோயையும் அந்த நோயோடு வரும் மனத்துயரையும் ஒரு வரியாகவேனும் சேர்க்கக் கோருகிறேன்.

நோயாளர் கையேடுகளும் கேள்விப் படிவங்களும் தமிழில் ஆக்கப்படுமானால், அவற்றைத் தோட்டத்து மக்கள் வாசித்தோ கேட்டோ புரிந்துகொள்ளும் சொற்களில் திருத்திக்கொடுக்க நான் ஊதியமின்றி வருவேன். சனிக்கிழமை மட்டும் முடியாது, வகுப்பு இருக்கிறது. தொலைபேசியில் அழைப்பதானால் காலை பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அழையுங்கள். ஒன்பது மணி மாத்திரை அந்நேரத்தில் நன்றாக வேலை செய்யும். குரல் தெளிவாக இருக்கும். அதற்குப் பிறகு அழைத்தால், எனக்காக மனைவி பேசாமல் நானே பேசி முடிக்கும்வரை இரண்டு பேரும் சற்றுப் பொறுத்திருக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்
ஹட்டன் வட்டாரம்
(நான் சொல்லப் பேத்தி எழுதியது)